உலைத் தண்ணீர்

மலேசியாவில் சித்தியவான் பக்கம், செம்பனைக் காட்டோரத்தில் இருந்தது உடையப்பனின் இரும்புப் பட்டறை. அரிவாள் தீட்ட வருகிறவர்களைவிட வாயளக்க வருகிறவர்களே அங்கு அதிகம். வேலை முடிந்து தேத்தண்ணிப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தால் ஊர்க்கதை முழுவதும் அலசப்படும்.

பழுத்த இரும்பை முக்கியெடுக்கும் தொட்டித் தண்ணீருக்குத் தனி மவுசு. மருவுக்கும் சொறிக்கும் அந்தப் பக்கத்துச் சனங்கள் அதைத்தான் தடவினார்கள். உடையப்பனுக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால், துளிகூட இல்லை. ஆனால் சாமியாடியைப் பார்ப்பதுபோல் நாலு பேர் பார்த்தால் யாருக்குத்தான் கசக்கும்? வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

செம்பனை முள் குத்திய காலோடு ராமையா வந்தபோதும் அப்படித்தான். அவருக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வேறு. “கிளினிக்குப் போயிட்டு வா லா, ராமையா” என்று உடையப்பன் சொல்லத்தான் செய்தார். சொன்ன கையோடு தொட்டியிலிருந்து மொண்டும் கொடுத்தார். ராமையா தினமும் மாலையில் வந்து புண்ணைக் கழுவிவிட்டு அரட்டையில் உட்கார்ந்துவிடுவார். கால் கறுத்து நாறியபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்க்கவும் தைரியமில்லை. திட்டட்டும், காறித் துப்பட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்.

ஒருநாள் ராமையா ஊன்றுகோலோடு பட்டறைக்கே வந்துவிட்டார். முகத்தில் கோபமே இல்லை.

“ஒங்க தண்ணி இல்லாட்டி தொடையோட போயிருக்கும்ணே” என்றவர், ஒரு காலி போத்தலை நீட்டினார். “என் வீட்டுக்காரி வீரம்மாவுக்கும் கால்ல புண்ணு. அவளுக்கும் இனிப்பு நீர்தானே. கொஞ்சம் ஊத்துங்க லா.”

உடையப்பன் போத்தலை வாங்கவில்லை. தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தார்.

“வெறும் துருத்தண்ணி ராமையா! ஒண்ணுமே இல்ல அதுல. இப்பவே அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். நானே காடிய ஓட்டி கூட்டிட்டுப் போறேன்.”

ராமையா மடித்துக் குத்தியிருந்த தன் கால்சட்டையைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப என் காலு?”

உடையப்பன் கவிழ்ந்த தொட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“ஒண்ணுமில்லன்னு அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியும்” என்றார் உடையப்பன். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

ராமையா அழவில்லை. போத்தலைக் கீழே வைத்தார்.

“காடிய எடுங்க” என்றார்.

வீரம்மாவின் கால் பிழைத்தது. அதற்குப் பிறகு ராமையா பட்டறைப் பக்கம் வரவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் பேசுவார். அண்ணே என்று மட்டும் கூப்பிடமாட்டார்.