முதல் மடக்கு

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பதினோரு வருஷமாக ஊரார் குடிக்கும் தண்ணீருக்குக் கையெழுத்துப் போடுகிறேன். கண்டதையும் முகர்ந்து பார்த்தும் மூக்கு மட்டும் இன்னும் மரத்துப் போகவில்லை.

அக்கா வீட்டுக்காரர் மலைமேல், ஒரு ஆறு பள்ளத்தாக்குக்குள் இறங்கும் இடத்தில், விடுதி நடத்துகிறார். தங்க வருகிறவர்களை ஆற்றோரமாகவே கீழே நடத்திக் கூட்டிப்போவதுதான் அங்கே விசேஷம். பாதி வழியில் ஒரு கல்தொட்டி. ஆற்றுத் தண்ணீர் சின்னக் குழாய் வழியாக அதில் வந்து விழும். ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும் என்று அத்தானே ஒரு வழக்கத்தைக் கிளப்பி வைத்திருந்தார்.

அந்தத் தண்ணீருக்கு மூன்று வருஷமாகச் சான்று கொடுத்தவள் நான். பரிசோதிப்பவரே நேரில் போய் மாதிரி பிடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அத்தான்தான் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவார், கூடவே ஒரு கூடை ஆரஞ்சு. படிவத்தில் ‘நேரில் எடுத்தது’ என்று எழுதிவிட்டு நான் ஆரஞ்சை உரிப்பேன். சொந்தக்காரர்தானே என்ற நினைப்பு.

இந்த வருஷம் அக்கா விடாமல் கூப்பிட்டாள். புதிதாக ஆறு அறை கட்டியிருக்கிறார்களாம், வீட்டை அடகு வைத்துக் கட்டியதாம். தண்ணீர் ஆபீஸரே கூட நடந்து வந்தால் விருந்தாளிகளுக்கு ஒரு நம்பிக்கை வரும் என்றாள். சரி, காலாற நடந்ததாகவும் ஆச்சு என்று கிளம்பினேன்.

பதினேழு பேர். அத்தான் முன்னால் நடந்தபடி காற்றையும் பச்சையையும் வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டு வந்தார். எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் வேறு. முள்செடியில் பிள்ளைத்துணி தொங்கியது. பாறை இடுக்கில் ஈரக் காகிதம் கஞ்சியாக ஊறிக் கிடந்தது. கால் வைத்த இடமெல்லாம் வழவழவென்று ஒரு பாசி, செருப்பிலிருந்து வழித்தாலும் போகவில்லை. பாறையைச் சுற்றித் திரும்பியதும் அந்த நாற்றம் அடித்தது. எனக்கு அதை அடையாளம் சொல்ல ஆள் வேண்டாம்.

கூட்டத்தைப் போகவிட்டுப் புதரை விலக்கிப் பார்த்தேன். மேலே விடுதியிலிருந்து வந்த கருப்புக் குழாய் நேராக ஆற்றில் வாயை வைத்திருந்தது. அதிலிருந்து வந்ததை எழுதக் கை கூசுகிறது. அதோடு மிதந்து வந்தது மஞ்சள் சோப்பு உறை. அதே சோப்பில்தான் காலையில் நான் முகம் கழுவியிருந்தேன்.

என்னைத் தேடி வந்த அத்தானிடம், எனக்குக் கொடுத்த தண்ணீரை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“சமையல்ரூம் ஃபில்டர்ல,” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “எல்லாம் ஒரே ஆத்துத் தண்ணி தானே. இப்ப வாயைத் திறந்தா உன் வேலையும் போகும், உங்க அக்கா வீடும் போகும். பார்த்துக்கோ.”

இப்படி ஒரு ஆள் கொடுத்த ஆரஞ்சையா மூன்று வருஷம் சாப்பிட்டோம் என்று அருவருப்பாக இருந்தது. புழுவைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தேன். அவரைத் தாண்டி நடந்தேன்.

பத்து நிமிஷத்தில் தொட்டி வந்துவிட்டது. மேலே பலகையில், பிளாஸ்டிக் உறைக்குள், என் சான்று. அத்தான் டம்ளரில் மொண்டு என்னிடமே நீட்டினார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த ஆள் செத்தாலும் இதைக் குடிக்கமாட்டார், நான் வாயைத் திறக்காமலே விஷயம் வெளியே வந்துவிடும், அக்காவும் என்னைக் குறை சொல்ல முடியாது.

“முதல் மடக்கு நீங்க குடிங்க அத்தான்.”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கடகடவென்று முழுசாகக் குடித்தார். உதட்டை நக்கிக்கொண்டு, தேன் மாதிரி இருப்பதாகச் சொன்னார்.

வரிசை நகர்ந்தது. முன்னால் நின்ற பெண் சான்றை ஒருமுறை படித்துவிட்டு, இடுப்பிலிருந்த கைக்குழந்தையின் பால் பாட்டிலைத் திறந்து தண்ணீருக்கு நேராகப் பிடித்தாள். நான் பாய்ந்து பாட்டிலின் வாயைக் கையால் பொத்தினேன்.

“இதைக் குடிக்காதீங்க. மேல இருக்கிற கக்கூஸ் இதுலதான் வந்து சேருது.”

“அப்ப இந்தக் கையெழுத்து?”

“என்னோடதுதான். வந்து பார்க்காமலே போட்டேன்.”

அத்தான் சிரித்து மழுப்பப் பார்த்தார், யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். குழாய்ப் பக்கத்தில் நான் அத்தானைப் பார்த்த அதே பார்வை. அந்தப் பெண் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, என் கை பட்ட பாட்டிலின் வாயைச் சட்டை நுனியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.