ஒரு போட்டில் இரண்டு பேர்

ஃபஹ்மியாவின் அண்ணன், றிம்ஸான் காக்கா, கட்டாருக்கு வேலைக்குப் போகுமுன் கற்பிட்டி வீட்டு அலுமாரியின் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, நிற்பாட்டவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். கரண்டைத் தின்கிறது என்று உம்மா முணுமுணுப்பாள். திரையில்லாத அந்தப் பெட்டிக்குள் வீட்டுக் காரியங்கள் தனித்தனியாக ஓடின. குடும்பப் படங்கள் ஒன்றில், மாமாவின் இறால் பண்ணைக் கணக்கு ஒன்றில். மீன்பிடிக்கப் போகும் வாப்பாவின் ஃபோன் கடலிலிருந்து அனுப்பும் இருப்பிடத்தை வாங்கி வரைபடத்தில் காட்டுவது இன்னொன்று. அதற்குக் காக்கா வைத்த பெயரே ‘வாப்பா’. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று தங்கை ஃபஹ்மியா தன் ஃபோனில் பார்க்கலாம், தொட்டு நிற்பாட்டவும் ஓடவிடவும் செய்யலாம். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு.

அன்று பகல் காற்று பெருத்தது. விடியக்காலை, வாப்பா புறப்படுமுன்னே, கரண்ட் ஒருமுறை போய் வந்திருந்தது. மற்ற மீன்பிடிப் போட்டுகள் கரை சேர்ந்துவிட்டன. வாப்பாவின் போட் வரவில்லை. அவருடைய ஃபோன் அடித்தது, எடுக்க ஆளில்லை. ஃபஹ்மியா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஒரு வரி மட்டும் சிவப்பு: ‘வாப்பா – நின்றுவிட்டது.’

உம்மாவின் கண்ணில் படாமல் ஃபோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காக்காவுக்குக் கோல் எடுத்தாள். அவன் வேலைத்தளத்தில் நின்றான். அங்கிருந்து எதையும் திருத்த வழியில்லை.

“வாப்பா எந்தப் போட்டில நிக்கிது எண்டு பாரு.”

“அவர்ட போட்டிலதான். கடல்ல.”

“கடல் போட் இல்ல, மோட்டுப் புள்ள. கம்ப்யூட்டர்ட போர்ட், வாசல் மாதிரி. பேருக்குப் பக்கத்தில நம்பர் ஈக்கும்.”

இவ்வளவு காலமும் அந்த எண்களைப் போட்டுகளின் பதிவு இலக்கம் என்றே அவள் நினைத்திருந்தாள். படங்களுக்கு எதற்குப் போட் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

‘வாப்பா’வுக்கு 8080. ‘படம்’, அதற்கும் 8080.

“ரெண்டுக்கும் ஒரே நம்பர், காக்கா.”

போன கிழமை படத்தின் எண்ணை மாற்றியவன் அவன்தான். அது ஏற்கெனவே யாருடையது என்பதை மறந்துவிட்டான். கரண்ட் திரும்பியபோது படம் முந்திக்கொண்டது.

“ஒரு போட்டில ரெண்டு பேர் நிக்க ஏலா,” என்றான்.

இறங்குதுறையில் ஒரு கட்டையில் ஒரு போட்டைக் கட்டியிருந்தால், அடுத்தது வெளியேதான் நிற்க வேண்டும். அவளுக்கு விளங்கிவிட்டது. படத்தை நிற்பாட்டினாள். ‘வாப்பா’வைத் தொட்டாள்.

பச்சை.

அனுப்ப முடியாமல் வாப்பாவின் ஃபோன் சேர்த்து வைத்திருந்த இடங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. இதுவரை அவள் கண்டது ஒரு புள்ளியைத்தான். இப்போது கரையிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, நீலத்துக்குள் நேரே ஓடி, வலை போட்ட இடத்தில் வட்டமிட்டது. எங்கே போகிறீர்கள் என்றால் கடலுக்கு என்பார் வாப்பா. அந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவு தூரம் இருந்ததா? அலுமாரியின் மேலிருந்த பெட்டி வண்டுபோல இரைந்தது. இந்தக் கடல் முழுவதும் அதற்குள் எப்படித்தான் அடங்கியது?

கோடு காற்றில் தடுமாறி, திரும்பி, பத்தலங்குண்டுத் தீவின் மறைவில் போய் நின்றது. பெருங்காற்றுக்குப் போட்டுகள் ஒதுங்கும் இடம்.

“உம்மா, வாப்பா பத்தலங்குண்டில ஒதுங்கி நிக்கிறார்.”

“அல்ஹம்துலில்லாஹ். ஆரு சொன்ன?”

ஃபஹ்மியா அலுமாரியின் மேலே பார்த்தாள். உம்மாவும் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அந்தப் பெட்டியைத் தொட்டு, சூடென்று கையை எடுத்து, ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டாள்.