உரிமையாளர் என்ற கட்டம்

எங்கள் ஆராய்ச்சிக்கு முப்பது வீடுகள் வேண்டும். இணையத்தில் இணைந்த டிவி, ஏசி, வாஷிங் மெஷின் எல்லாம் வீடுகளில் எப்படிப் புழங்குகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. வீட்டுக்காரர்கள் ஒன்றும் வெட்டி முறிக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு போனில் எங்கள் ஆப்பை ஏற்றிக்கொண்டால் போதும். ஒரு மெஷின் ஓடும்போது யார் போன் அதன் பக்கத்தில் இருக்கிறது என்பதை அதுவே குறித்து அனுப்பிவிடும். அவர்கள் நிரப்ப வேண்டியது இரண்டே கட்டம்: கருவியின் பெயர், உரிமையாளர்.

கையில் காலில் விழுந்து இருபத்தொன்பது வீடு பிடித்தேன். முப்பதாவதுக்குப் புத்தி கெட்டுப்போய் என் பிறந்த வீட்டைச் சேர்த்தேன்.

அங்கே என் இரண்டு அண்ணன்களும் அண்ணிகளும் அப்பாவும் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அண்ணன்கள் தனித்தனி வீட்டுக்குப் போவதாக முடிவாகி, சாமான் பிரிக்கும் படலம் நடந்துகொண்டிருந்தது. கட்டில், பீரோ, மிக்ஸி வரை சுமுகமாகப் பிரிந்துவிட்டன. வாஷிங் மெஷினில்தான் சிக்கிக்கொண்டது.

இது தெரியாமல் மூன்றாவது வாரம், உரிமையாளர் கட்டத்தை நிரப்பச் சொல்லி நினைவூட்டல் அனுப்பினேன். பிடித்தது சனி. பெரிய அண்ணி தன் பெயரை எழுதினார். பத்தாவது நிமிடம் சின்ன அண்ணி அதை அழித்துத் தன் பெயரைப் போட்டார். சாயங்காலத்துக்குள் அந்த மெஷின் நாற்பத்தாறு முறை கைமாறியிருந்தது.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, மெஷினா பந்தா?"

"குடும்ப விஷயம் சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு பேர் வரணும். இல்லேன்னா இந்த வீட்டத் தூக்கிடு."

தூக்கினால் இருபத்தொன்பது. இருபத்தொன்பதை வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியாது. என் மூன்று வருட உழைப்பு அண்ணிகளின் விரல் நுனியில் நின்றது. போன் போட்டேன்.

"நான்தான் தினமும் அதோட மாரடிக்கிறேன்," என்றார் பெரிய அண்ணி. "அவளுக்கு சோப்புத் தூள எங்க போடறதுன்னே தெரியாது."

"அக்கா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே வருஷக்கணக்காச்சு," என்றார் சின்ன அண்ணி. "வீட்டுத் துணி மொத்தமும் என் தலையிலதான்."

யார் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஜோசியரா வேண்டும்? மூன்று வாரப் பதிவைத் திறந்தேன். மெஷின் இருபத்தேழு முறை ஓடியிருந்தது. பெரிய அண்ணியின் போன் அப்போதெல்லாம் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. சின்ன அண்ணியின் போன் ஏசிக்குப் பக்கத்தில். இருபத்தேழு முறையும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே போன்தான். அது எண்ணிக்கைக்காக நான் ஆப் ஏற்றிவிட்ட அப்பாவின் போன்.

வெள்ளிக்கிழமை காலை நேரிலேயே போய், அண்ணிகளை உட்காரவைத்து லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் எதிலும் ஒத்துப்போகாதவர்கள் அன்றைக்கு ஒரே கட்சி ஆனார்கள்.

"உன் ஆப்புல ஏதோ கோளாறு," என்றார் பெரிய அண்ணி.

"ஆமா, மாமா போனும் பழசு," என்றார் சின்ன அண்ணி.

அந்த நேரம் பார்த்து அப்பா ஈரத்துணி வாளியோடு வந்தார். சட்டை ஓரத்தில் வரிசையாகத் துணி கிளிப் மாட்டியிருந்தார்.

"அப்பா, மெஷின உங்க பேர்லதான் போடப்போறேன்," என்றேன். ஜெயித்துவிட்ட திமிர் எனக்கு.

"எனக்கெதுக்கும்மா? அது எந்த வீட்டுக்குப் போகுதோ போகட்டும்." வாளியைக் கீழே வைத்தார். "நான் எந்த வீட்டுக்குப் போறேன்னு மட்டும் யாராவது சொல்லுங்க. துணிமணிய எடுத்து வைக்கணும் இல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முப்பது வீட்டுக்குக் கேள்வி தயாரித்தவள் நான். இந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை.

"எங்கூட வாங்கப்பா."

அப்பா யோசித்தார். "உங்க வீட்ல மெஷின் இருக்கா?"

"இல்லப்பா."

"அப்ப இதையும் எடுத்துக்கலாமா?"

"மாமா எங்கயும் போக வேண்டாம்," என்றார்கள் இரண்டு அண்ணிகளும் ஒரே மூச்சில்.

மாமாவுக்காகச் சொன்னார்களா, மெஷினுக்காகச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டு லேப்டாப்பை மூடிவிட்டு, அவருடைய பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடப் போனேன்.