லாபம், ரெண்டு, மூணு

1

நாலு மணி பத்து நிமிடத்துக்கு இரண்டாம் பாதி தொடங்கியது. 1987 செப்டம்பர், மறியலின் முதல் நாள். இந்தக் கதையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். சொன்னவர் அன்றைய கோல்கீப்பர் பூமாலை, போன வருடம், வடக்கனந்தல் டீக்கடையில். மிச்சத்தை நான் எழுதுகிறேன். (பாதி நேரம் அவர் சைக்கிள் பஞ்சரானதைச் சொன்னார். அதை எடுத்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: கல்வராயன் மலைமேல் அன்று மேகங்கள்

இல்லை. மேகம் பந்து உதைக்காது.

இரண்டாவது: வடக்கனந்தலில் ஒரு ஜவ்வரிசி ஆலை, சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கால்பந்து அணி நடத்தியது. அந்த ஆண்டு ஒன்பது ஆட்டம் தோல்வி. மூட்டை ஏறவில்லை என்றால் இன்னோர் ஆளைப் போடுவது ஆலை வழக்கம். முதலாளி கூடவே இன்னொரு கோச்சைப் போட்டார்.

முதல் கோச் கண்ணாயிரம், பட்டாளத்தில் இருந்தவர். மூன்றாவது உதையில் பந்து எதிரியின் கோல் வாசலில் விழ வேண்டும். ஆடும்போது எவனும் பேசக் கூடாது. இரண்டாமவர் மாயவன், மலைமேல் கரியாலூர்க்காரர். பந்தைக் கிட்டக் கிட்டத் தட்டிக் கொடுக்கச் சொல்வார். ஒவ்வொரு தட்டலையும் வாய்விட்டு எண்ண வேண்டும், சாமை அளப்பதுபோல. ஒன்று என்று ஆரம்பிக்கக் கூடாது. களத்தில் அளப்பவர்கள் மாதிரியே லாபம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

"இது இன்னா கிரவுண்டா, களத்துமேடா?" என்றார் கண்ணாயிரம்.

"களத்துமேட்ல யாரும் ஒம்பது ஆட்டம் தோத்ததில்லீங்க" என்றார் மாயவன்.

3

முதலாளி சொன்னார்: "கடைசி ஆட்டத்துல தோத்தா டீமே கெடையாது. ஜெயிச்சா ஒரு கோச்சுதான். யாருன்னு அன்னிக்கே சொல்றேன்."

கண்ணாயிரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு வேலை யாரும் தரப் போவதில்லை. நான் அவர் பக்கம் நின்று எழுதுகிறேன். அவரை நம்புகிறேனா என்று பிறகு சொல்கிறேன்.

4

ஆட்டம் கள்ளக்குறிச்சியில். சேலத்து அணியும் முதலாளியும் முந்தின நாளே வந்து தங்கிவிட்டார்கள். விடிந்தால் இடஒதுக்கீடு கேட்டு மறியல், ரோடெங்கும் வெட்டிப் போட்ட மரங்கள். பஸ் இல்லை. கண்ணாயிரமும் ஆட்டக்காரர்களும் சைக்கிளில் கிளம்பினார்கள். மரம் குறுக்கே கிடந்த இடத்தில் எல்லாம் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கித் தாண்டினார்கள். மறியலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

"பத்தாவதும் தோக்கறதுக்கு இம்மாந்தூரம் மிதிக்கணுமாடா?" என்றார் ஒருவர். ஆனால் சைக்கிளுக்கு ஒரு கை கொடுத்தார்.

மாயவன் கரியாலூரில் இருந்தார். மலைப் பஸ் கிளம்பவே இல்லை.

கண்ணாயிரத்துக்கு நிம்மதியாக இருந்தது. [இந்த வரியை மூன்று முறை அடித்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது.]

5

முதல் பாதி முழுக்க அவர் சொன்ன ஆட்டம். மூன்று உதை, கோல் வாசல். சேலத்து ஆட்கள் உயரம். வந்த பந்தை எல்லாம் தலையால் முட்டித் திருப்பினார்கள். பூஜ்யத்துக்கு இரண்டு.

"சார், எண்ணிக்கினு ஆடட்டுமா?" என்றான் முன்வரிசையில் ஆடும் வெள்ளையன்.

(இங்கே கண்ணாயிரத்துக்கு ஒன்றரைப் பக்கம் மனப்போராட்டம் எழுதியிருந்தேன். பூமாலைக்குப் படித்துக் காட்டினேன். "அவ்ளோ டைம் ஏது சார்? ரெஸ்ட்டே பத்து நிமிசந்தான்" என்றார்.)

கண்ணாயிரம் விசிலைச் சட்டைப்பையில் போட்டார்.

"எண்ணித் தொலைங்கடா."

6

"லாபம்" என்று பூமாலை பந்தைக் கையால் உருட்டிவிட்டார்.

"ரெண்டு."

"மூணு."

சேலத்துக்காரர்கள் சிரித்தார்கள். பதினாலில் சிரிப்பு நின்றது. பத்தொன்பதில் கோல். அடுத்த முறை வேடிக்கை பார்த்த கூட்டமும் சேர்ந்து எண்ணியது. இருபத்தாறில் இன்னொன்று.

இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடம். எண்ணிக்கை எட்டில் இருந்தது. பந்தைப் பிடுங்க சேலத்து அணி முழுவதும் இடது ஓரத்தில் குவிந்துவிட்டது. வலது ஓரத்தில் வெள்ளையன் தனியாக நின்றான். எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பார்க்கவில்லை. எண்ணாமல் நின்ற கண்ணாயிரம் பார்த்தார்.

"போதும்டா. தூக்கி ஒதை."

ஒன்பது என்று யாரும் சொல்லவில்லை. பந்து எல்லார் தலைக்கும் மேலே போய் வெள்ளையன் நெஞ்சில் விழுந்து இறங்கியது. அவன் அவசரப்படவில்லை. மூன்றுக்கு இரண்டு.

கள்ளக்குறிச்சியில் அன்று பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. கூட்டம் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். ஆட்டக்காரர்கள் கண்ணாயிரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

7

முடிவு அ: முதலாளி மாலை போடுகிறார். மாலையையும் பெருமையையும் கண்ணாயிரமே வாங்கிக்கொள்கிறார். வேலை நிலைக்கிறது. நடக்கக்கூடியது. எனக்கு வேண்டாம்.

முடிவு ஆ: முதலாளி இருவரையும் வைத்துக்கொள்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. முதலாளியை நம்ப முடியவில்லை, ஆகவே

பூமாலை சொன்னது இது. முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "புது ஆட்டமா இருக்கே. எப்பய்யா கத்துக் குடுத்த?"

கண்ணாயிரம் தோளிலிருந்து இறங்கவில்லை.

"நான் குடுக்கலீங்க. அது மாயவன் ஆட்டம்."

(நம்புகிறேன்.)

அதற்குமேல் பூமாலைக்கு எதுவும் கேட்கவில்லை. கத்திக்கொண்டிருந்தாராம். முதலாளியின் அடுத்த கேள்வி நான் எழுதியது. கடைசி உதையை நீங்களும் பார்த்தீர்கள். பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

"அப்ப உன்ன இன்னாத்துக்குய்யா நான் வெச்சிக்கணும்?"