மை ஒற்றிய கை

1

இதை எழுதச் சொன்னவர் பதிப்பாளர். என் அண்ணன் சர் ஆம்ப்ரோஸ் வெல்டன் போன குளிர்காலத்தில் இறந்தார். அவருடைய அரசியல் கட்டுரைகளை ஒரே தொகுதியாகக் கொண்டுவருகிறார்களாம். முகப்பில் அவர் வாழ்க்கையைப் பத்துப் பக்கத்தில் நான் சொல்ல வேண்டுமாம். முப்பது வருடம் அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதியவள் நான். நானாக எழுதுவது இதுவே முதல் முறை. (இதற்கு அடுத்த வரியை அடித்துவிட்டேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பேரனெட் பட்டமும் லிங்கன்ஷயரில் நாலாயிரம் ஏக்கரும் பிறப்பிலேயே வாய்த்தும், நிலமற்றவனுக்காகப் பேனா பிடித்தவர்...’

பேனா பிடித்தவள் நான். வேண்டாம்.

இரண்டாவது: ‘குத்தகைக்காரனின் வாக்கு அவனுக்கே சொந்தம் என்று துணிந்து

முடிக்க முடியவில்லை. ஈனோக் ஸ்கெல்டன் குறுக்கே வந்து நிற்கிறான்.

3

ஈனோக் எங்களிடம் அறுபது ஏக்கர் குத்தகைக்கு உழுதவன். எழுத்துக் கூட்டிப் படிப்பான். எங்கள் தேர்தலில் மேடையேறி, எல்லார் காதிலும் விழும்படி, யாருக்கு வாக்கு என்று சொல்ல வேண்டும். அதைக் குறித்துவைத்து அச்சடித்தும் விற்பார்கள். நிலக்காரரின் ஆளைத்தான் குத்தகைக்காரர்கள் சொல்வது வழக்கம். ஈனோக் அண்ணனின் கட்டுரையைப் படித்துவிட்டு, எதிராளியின் பெயரைச் சொன்னான்.

[அவனைக் கொஞ்சம் முட்டாளாக்கினால் எனக்குத் தாங்கும். அவன் முட்டாள் இல்லை.]

4

இந்த இடம் ‘நான்’ என்று எழுத வரவில்லை. தள்ளி நின்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை. காரியஸ்தர் கிரேக் பண்ணைக் காகிதங்களை அடுக்கிவைத்தார். ஆம்ப்ரோஸ் வழக்கம்போல அவற்றை வாசிக்காமல் கையெழுத்திட்டபடியே கட்டுரையைச் சொன்னார். லெட்டிஸ் எழுதினாள், இடையிடையே அவர் கையெழுத்தின் ஈர மையை ஒற்றுத்தாளால் ஒற்றினாள். அவர் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம்.

“வாக்கைச் சொன்னதற்காக எவனும் தன் கூரையை...”

கையெழுத்திட்டார். ஒற்றினாள். காகிதத்தில் ஸ்கெல்டன் என்றிருந்தது. மார்ச் முடிவதற்குள் வீட்டையும் நிலத்தையும் காலிசெய்ய வேண்டும் என்றிருந்தது.

“அண்ணா, இது...”

“வாக்கியம் முடியட்டும் லெட்டிஸ். எங்க விட்டேன்?”

“கூரைல விட்டீங்க.”

“ம். ‘...கூரையை இழக்கக் கூடாது.’ எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டாள். கிரேக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்.

[அவள் பின்னாலேயே ஓடியிருக்கலாம். கிரேக்குக்கு மூட்டுவலி. மெதுவாகத்தான் நடப்பார்.]

5

ஈனோக் சமையற்கட்டு வாசலுக்கு வந்தான்.

“ஐயா எழுதினதைப் படிச்சுத்தாம்மா அப்படிச் சொன்னேன். இந்த நோட்டீஸு அவருக்குத் தெரியுமா?”

“அவர் வேலையா இருக்கார், ஈனோக்.”

“படிக்கத் தெரிஞ்சவனைக் கட்டினதுக்கு வந்த சீர் இதுன்னு என் பொண்டாட்டி சொல்றா.” சிரித்தான். “ஒரே வார்த்தை, கேட்டுச் சொல்லுங்கம்மா. நான் இங்கேயே நிக்கிறேன்.”

கதவு வரை போனேன். உள்ளே அண்ணன் அடுத்த கட்டுரையை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டவில்லை. திரும்பி வந்து, இன்னொரு நாள் வா என்றேன்.

(‘நான்’ வந்துவிட்டது. இருக்கட்டும்.)

அடுத்த குளிர்காலத்தில், ஏழைகள் விடுதியில், காய்ச்சலில் ஈனோக் இறந்தான்.

6

முடிவு ஒன்று: அண்ணனுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.

முடிவு இரண்டு: தெரியும். படுக்கையில் கிடந்த கடைசி வாரம், “அந்த ஸ்கெல்டன் இப்ப எங்க இருக்கான்?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கான் அண்ணா.”

“அப்ப சரி,” என்று கண்ணை மூடிக்கொண்டார். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இனி யாரைக் கேட்பேன்?

நாளை தபால் வண்டி வரும். மேசையில் இரண்டு கட்டு இருக்கிறது. ஒன்றில் ஈனோக் இல்லை. சரியாகப் பத்துப் பக்கம். மற்றது இது. இதைப் படிக்கிறவர் அந்தத் தொகுதியை எடுத்து முகப்பைப் பாருங்கள். அதில் ஸ்கெல்டன் என்ற பெயர் இல்லையென்றால், நான் மறுபடியும் கதவு வரை போய்