ஒரு நாளைக்கு ஒரு பரபரப்பு

அந்தப் பத்திரிகையில் 'பரபரப்பான' என்ற சொல்லுக்கு ரேஷன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு செய்திக்குத்தான். "பத்து இடத்துல போட்டா வாசகன் கொட்டாவி விடுவான்" என்பது ஆசிரியர் போட்ட சட்டம். அந்தச் செய்தி முதல் பக்கத்துக்குப் போகும். எது என்று முடிவு செய்வது துணையாசிரியையான அவள் வேலை. "அக்கா, இன்னைக்குப் பட்டம் யாருக்கு?" என்று பிழை திருத்துபவள் கேலி செய்வாள். பன்னிரண்டு வருஷமாக, யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு, டீ ஆறுவதற்குள் அதை ஒட்டிவிட்டு அவள் அடுத்த செய்திக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் அவள் தங்கை, புருஷன் வீட்டு மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனாள். கழுத்தில் விரல் தடங்கள். பிணவறையில் அம்மாவும் அவளும் கண்ணால் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் 'கால் தவறி' என்றே எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேப்பர்ல பெரிசா அடிபட்டா மேல இருந்து கேப்பாங்கம்மா. அப்பதான் என்னால தோண்ட முடியும்" என்றார்.

அன்று அந்தச் சொல்லைத் தங்கைக்குப் போட்டாள்.

"யாரும் இதைப் பேசலையேம்மா?" என்றார் ஆசிரியர்.

"நாளைக்குப் பேசுவாங்க சார்."

பேசினார்கள். செத்தவளைப் பற்றி அந்தச் சொல் ஒன்றுமே சொல்வதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடி நின்று பார்க்கிறவர்களைத்தான் அது சொல்கிறது. டீக்கடையில் ஒருவன் தங்கையின் கல்யாணப் போட்டோவை விரலால் தட்டி, "முழியைப் பாரு, என்ன பண்ணினாளோ" என்றான். நாக்கு நுனிவரை வந்ததை டீயோடு விழுங்கினாள். பேசட்டும். பேசினால்தான் கேஸ் நகரும்.

நகர்ந்தது. தங்கை புருஷனை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். தொடர்ந்து ஐந்து நாள் அந்தச் சொல்லைத் தங்கைக்கே போட்டாள்.

ஆறாம் நாள் வரவேற்பறையில் ஒரு தையல்காரர் காத்திருந்தார். வேலைக்குப் போன மகள் ஒன்பது நாளாகத் திரும்பவில்லை. போலீசில் புகாரை வாங்கி மேஜைக்குள் போட்டுவிட்டார்களாம். கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"உங்க பேப்பர்ல பெரிசா வந்தா தேடுவாங்கன்னு சொன்னாங்கம்மா. எம்பொண்ணு எங்கயோ உயிரோடதான் இருக்கா."

உயிரோட. அவள் உள்ளே போய் அன்றைய முதல் பக்கத்தை எடுத்தாள். அந்தச் சொல்லை அவர் மகளுக்குப் போட்டாள்.

"அப்ப உன் தங்கச்சி?" என்றார் ஆசிரியர்.

"எட்டாம் பக்கம் சார்."

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிட்டார். "காணாமப்போன பொண்ணு கேஸைப் பார்க்கச் சொல்லிட்டாங்கம்மா. இது இனிமே..." முடிக்காமலே வைத்துவிட்டார்.

அடுத்து அம்மா. "ஏண்டி, மூணு தடவை புரட்டிட்டேன். நம்ம பொண்ணைக் காணோமே?"

"எட்டாம் பக்கத்துல இருக்காம்மா. கீழ. சின்னதா." ஏன் என்பதையும் சொன்னாள்.

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அந்தப் பொண்ணு கிடைச்சுட்டாளா?" என்றாள் அம்மா.

"இன்னும் இல்லம்மா."