உஸ்

பீர் பாட்டிலின் மூடியைத் திறக்கும்போது வரும் அந்த ‘உஸ்’ சத்தத்தை மட்டும் கேட்டு, அது எந்த நாட்டுச் சரக்கு, எந்த ஆலையில் பிறந்தது, அதை வடித்தவன் வீட்டில் அன்றைக்குச் சண்டையா சமாதானமா என்பது வரை சொல்லிவிடுவேன் என்று அத்தான் அடித்துப் பேசுவார். பேசும்போது கண்கூடச் சிமிட்ட மாட்டார்.

தராசு அதில் குண்டுமணி அளவுகூட நம்பியதில்லை. எடை, அளவு ஆய்வாளராக முப்பது வருடம் கடை கடையாக ஏறி இறங்கியதால் வந்த பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. சொந்த அக்கா நீட்டும் காபியையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பத்து மில்லி குறைகிறதே என்பார். அந்த அக்காவின் கணவர்தான் அத்தான்.

அத்தானுக்கு முப்பத்தோரு வருடம் இறக்குமதிக் கிடங்கில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் பீர்ப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டிலைத் திறந்து, வாயு இருக்கிறதா, வழியில் கசிந்துவிட்டதா என்று பார்ப்பார். அவர் சொல்படி, அவர் திறந்த மூடிகளை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், கொஞ்சம் கால் நீட்டிவிட்டுத் திரும்பி வரலாம்.

அக்கா மூன்று முறை கூப்பிட்டாலும் கேட்காத காதுக்கு உஸ் மட்டும் எப்படிக் கேட்கிறது என்று தராசு ஒருமுறை மடக்கினார்.

“உங்கக்கா பாட்டில்ல வந்திருந்தா கேட்டிருக்கும், மாப்ளே.”

இந்தப் பேச்செல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் அத்தானின் மகள் அலுவலக வேலையை விட்டுவிட்டு, தெருமுனையில் ஒரு பீர்க் கடை திறந்தாள். முதல் நாள் மாலை, அப்பாவுக்குப் பிடித்த எட்டு நாட்டுப் பீர்கள். செர்ரிப்பழம் போட்ட பெல்ஜியம், புகை மணக்கும் ஜெர்மனி, மை போன்ற அயர்லாந்து, கோதுமையில் கலங்கிய ஆஸ்திரியா, அப்புறம் செக், ஜப்பான், டென்மார்க், மெக்ஸிகோ. ஒவ்வொன்றையும் சின்னக் கிளாஸில் ஊற்றி, அதன் கதையைச் சொல்லுவதாக ஏற்பாடு. இருபது நாற்காலிக்கும் ஆள் பதிவாகிவிட்டது.

மதியம் நாற்பது பாட்டிலையும் பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீருக்குள் இறக்கினாள். மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால், ஒட்டியிருந்த காகிதமெல்லாம் உரிந்து மேலே மிதக்கிறது. எல்லாம் சின்ன ஆலைகளின் சரக்கு. மூடியிலும் பெயர் இல்லை. நாற்பதும் ஒரே பழுப்பு பாட்டில், ஒரே மொட்டை மூடி. அடியில் மட்டும் ஆளுக்கொரு எண். எந்த எண் எந்தப் பீர் என்ற பட்டியல் சரக்கு அனுப்பிய முகவரிடம் இருக்கிறது. மறுநாள் காலையில்தான் அனுப்ப முடியும் என்றுவிட்டார்.

மகள் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். “கறுப்பும் சிவப்பும் ஊத்தினா தெரிஞ்சிடும், மாமா. இந்தப் பொன்னிறம் நாலையும் என்ன பண்ணுவேன்? செக்குன்னு சொல்லி மெக்ஸிகோவை ஊத்தினா, முதல் நாளே என் பேச்சை யாரு நம்புவாங்க?”

தராசு அவள் பக்கத்தில் குந்தினார். அவர் தூக்கி வளர்த்த பிள்ளை அது. நாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். இது விளையாட்டுக்கு இடமில்லை என்று தராசு கெஞ்சியதும் எடுபடவில்லை.

“பேனாவை எடு, மாப்ளே. அடியில இருக்கிற நம்பரை எழுது. பக்கத்துல நான் சொல்றதை எழுது. நாளைக்குப் பட்டியல் வரட்டும்.”

மாலை ஐந்துக்குக் கடை நிரம்பியது. பாட்டு ஒரு பக்கம், அரட்டை ஒரு பக்கம். அத்தான் மேடைப் பாடகர் மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மூடியை நெம்புவார். பிறகு மகளிடம் ஒரு பெயரைச் சொல்வார். அவள் கதையைத் தொடங்குவாள். ஊற்றினால் பெல்ஜியம் சிவப்பாகவே வந்தது, அயர்லாந்து கறுப்பாகவே வந்தது. குருட்டாம்போக்கு என்று தராசு எழுதிக்கொண்டார்.

பத்தாவது பாட்டிலின்போது, அத்தானின் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு தட்டு நிறைய இருந்த கிளாஸ்களைக் கீழே போட்டார்கள். இருபது பேரும் துள்ளி விழுந்தார்கள். அத்தான் திரும்பவே இல்லை.

தராசு அப்போதுதான் பார்த்தார். அத்தானின் காது மெஷின் காதில் இல்லை. சட்டைப் பையில், கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

பேனாவை மூடினார். அத்தானைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய், பையைச் சுட்டிக் காட்டினார். அத்தான் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சிரித்தார்.

“அதை மாட்டினா கூட்டத்துல ஒரே இரைச்சல், மாப்ளே. கிடங்குல வண்டிச் சத்தத்துலயே என் காது போயிடுச்சு. மூடி எகிறுறப்ப கட்டைவிரலை ஒரு தள்ளு தள்ளும் பாரு, அதுதான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தள்ளு.”

அப்படியானால் காது காது என்று எதற்குப் பீற்றிக்கொள்கிறீர்கள் என்று தராசு அவர் முகத்துக்கு நேரே வாயசைத்துக் கேட்டார்.

“வீட்டுல எல்லாரும் செவிடன்னு முடிவு பண்ணிட்டாங்க. இந்த ஒரு விஷயத்துலயாவது எனக்குக் காது நல்லா கேக்குதுன்னு இருக்கட்டுமே.”

தராசு திரும்பி வந்து இன்னும் நெருங்கி நின்றுகொண்டார். இருபத்தேழாவது பாட்டிலில் அத்தான் தடுமாறினார். ஜப்பான் என்றார்; இல்லை, பொறு என்றார். கட்டைவிரலை வேட்டியில் துடைத்தார், மூடியைப் புரட்டிப் பார்த்தார். மகளின் முகம் வெளுத்தது. கடைசியில் டென்மார்க் என்றார். தராசு எழுதினார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. தராசு கண்ணாடியை இரண்டு முறை துடைத்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து, மூன்று முறை சரிபார்த்தார். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். மகள் நகத்தைக் கடித்தாள். அத்தான் மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்தார்.

“என்னடா ஆச்சு?” என்றாள் அக்கா. “வழக்கம்போலப் புளுகுதானே? சத்தத்தை வெச்செல்லாம் யாராவது சொல்ல முடியுமா?”

ஒரு கிராம் குறைந்த படிக்கல்லையும் முத்திரை குத்தி விட்டதில்லை தராசு. நாற்பது எண்ணுக்கும் நேரே சரிக்குறி விழுந்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். அத்தானை ஒருமுறை பார்த்தார்.

“நாப்பதும் சரிக்கா. காதால கேட்டுத்தான் சொன்னாரு. பக்கத்துல நின்னு பாத்தவன் நான் சொல்றேன், நடந்தது நிஜம்.”